பிள்ளைக் காம்பரா முதல் முன்பள்ளி வரை: மலையகத்தில் ஐந்து வயதுக்கு முந்திய கல்வி

மலையகத்தில் தரம் 1 வகுப்பைப் பொறுப்பேற்கும் ஆசிரியர் எவரும் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கண்டுகொள்வார். வகுப்பில் இருப்பவை எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைகள். எல்லாருக்கும் வீட்டு மொழி தமிழ். ஆனால் அவர்கள் வந்த வழி வேறு வேறு. ஹட்டன் நகரத்துக் கடைவீதிப் பிள்ளை இரண்டு வருடம் 'நர்சரி' போய், ஆங்கிலப் பாட்டோடு வருகிறது. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளை முன்பள்ளியும் பார்த்து, மாலையில் மத்ரஸாவும் ஓதி, அலிஃப் பேயும் அகரமும் தெரிந்துகொண்டு வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் ஒரு பகுதி சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி லயத்து வாசலிலிருந்து நேரே வருகிறது. பென்சிலை எந்தக் கையால் பிடிப்பது என்பதே அதற்குப் புதுப்பாடம்.

இந்த வேற்றுமையைப் பலர் பெற்றோரின் அக்கறையின்மை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆசிரியர் அறைகளில் நானே பல தடவை கேட்டிருக்கிறேன். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறு. ஒரு பிள்ளை ஐந்து வயதுக்கு முன் எங்கே இருக்கவேண்டும் என்பதை இந்நாட்டில் சட்டம் தீர்மானிக்கவில்லை. அது பிறந்த இடம் தீர்மானித்தது. எப்படி அவ்வாறு ஆனது என்பதை எழுதிப்பார்ப்பதே இக்கட்டுரை.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழ் படித்தவளுக்குச் சொல்தான் முதல் ஆவணம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை போகும் இடத்துக்கு இலங்கைத் தமிழில் ஒரு பெயரில்லை. யாழ்ப்பாணத்துப் பழையவர்கள் 'அரிவரி' என்பார்கள். அரிச்சுவடியோடு உறவுடைய சொல் அது. கிழக்கில் 'பாலர் பாடசாலை'. கொழும்பிலும் கண்டியிலும் 'மொண்டிசோரி'. மலைநாட்டு நகரங்களில் 'நர்சரி'. அரசாங்கக் கடிதங்களில் 'முன்பள்ளி'. இவை எல்லாமே கல்வியோடு சேர்ந்த சொற்கள்.

தோட்டத்தில் மட்டும் 'பிள்ளைக் காம்பரா'. சில இடங்களில் 'பிள்ளை மடுவம்'. காம்பரா என்பது அறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம். மடுவம் சிங்கள 'மடுவ', அதாவது கொட்டகை. கொழுந்து நிறுக்கும் இடம் கொழுந்து மடுவம். பிள்ளையை விடும் இடம் பிள்ளை மடுவம். அங்கே பிள்ளையைப் பார்ப்பவர் ஆசிரியை அல்ல, 'ஆயா'. அதுவும் போர்த்துக்கேயம் தந்த சொல்தான். இந்த மூன்று சொல்லிலும் படிப்பு இல்லை. பாதுகாப்பும் இடமும் மட்டுமே இருக்கின்றன. பெயர் பொய் சொல்லவில்லை. அந்த இடம் உண்மையிலேயே அதற்காகத்தான் எழுந்தது.

கோப்பிக் காலமும் தேயிலைக் காலமும்

கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது அறுவடைக் காலத்தில். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் பலர் பருவம் முடிந்து ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலையை மூடியது. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலையாயிற்று. ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்களில் குடியேற்றவேண்டி வந்தது. மலையகத்தில் குழந்தை ஒரு 'பிரச்சினை'யாகத் துரைமாரின் கண்ணில் பட்டது அப்போதுதான். தாய் மலைக்குப் போனால் பிள்ளை எங்கே?

முதல் விடை ஏணை. தேயிலைக்குள் நிற்கும் நிழல்மரத்துக் கொப்பில் சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போடுவது. இரண்டாவது விடை அக்கா. ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை லயத்தில் நின்று தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. மூன்றாவதுதான் பிள்ளைக் காம்பரா. லயத்தில் ஓர் அறையோ தனிக் கொட்டகையோ ஒதுக்கி, மலை வேலைக்கு முடியாத ஒரு வயதான பெண்ணை ஆயாவாக வைப்பது. முன்பு ஆயாவாக இருந்த ஒரு பாட்டி என்னிடம் சொன்னது இது: "விடியக்காலம் பெரட்டுக்கு முன்னுக்கே கொண்டாந்து விட்டிருவாங்க டீச்சர். பத்து மணிக்குப் பால் குடுக்க ஓடியாருவாங்க. பால் குடிச்ச புள்ள ஒறங்கும், பெரிசுங்க மண்ணுல வெளையாடும். படிப்பா? அதெல்லாம் யாரு கேட்டா?"

இந்த மூன்றாவது விடைக்குக் கல்வியிலும் ஒரு பங்கு இருந்தது. பிள்ளைக் காம்பரா ஒழுங்காக நடந்த தோட்டத்தில் அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போக வழி கிடைத்தது. அது இல்லாத தோட்டத்தில் அக்காவின் படிப்பு தம்பியின் ஏணைக்குக் கீழே முடிந்துபோனது. மலையகப் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் பள்ளிக்கூடத்தின் கதவை மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளைக் காம்பராவின் கதவையும் பார்க்கவேண்டும்.

ஆறு வயதில் தொடங்கிய சட்டம்

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டக் கல்வியின் முதல் சட்டம். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு ஏற்பாடு செய்வதும், அதற்கெனப் பொருத்தமான ஓர் அறையை ஒதுக்கிப் பேணுவதும் தோட்ட அத்தியட்சகரின் கடமை என்றது அச்சட்டம். 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பாடசாலைகளைத் தனியாகவே வைத்துப் பேசியது.

இங்கே கவனிக்கவேண்டியது அந்த 'ஆறு' என்ற எண். ஆறு வயதுக்கு மேல் பிள்ளை கல்விச் சட்டத்தின் பொருள். ஆறு வயதுக்குக் கீழ் அது தொழிற் சட்டத்தின் பொருள். அதாவது தாயின் வேலையோடு ஒட்டிய ஒரு விடயம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், பெண்களை வேலைக்கு வைத்திருப்போர் சிறுபிள்ளைகளுக்குப் பராமரிப்பு இடம் வைக்கவேண்டும் எனப் பின்னர் அதில் சேர்க்கப்பட்ட பிரிவும் இந்த வழியில் வந்தவையே. பால் கொடுக்கும் இடைவேளை தாய்க்குரிய உரிமை; பிள்ளைக்கு இடம் முதலாளியின் கடமை. நல்ல சட்டங்கள்தாம். ஆனால் பிள்ளைக்குக் கற்கும் உரிமை உண்டென்று அவற்றில் எங்கும் இல்லை.

அதே காலத்தில் நகரங்களில் நடந்தது வேறு. ஃபிரோபல் 1837இல் ஜேர்மனியில் தொடங்கிய சிறுவர் பள்ளி, 1840இல் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரைப் பெற்று, மிஷனரிகள் மூலம் நம் நாட்டுப் பெரிய பாடசாலைகளுக்கு வந்தது. 'பாலர் வகுப்பு' என்ற பெயரில் பாடசாலைக்குள்ளேயே கீழ்ப் பிரிவு, மேற் பிரிவு இருந்தன. 1939இல் இந்தியா வந்த மரியா மொண்டிசோரி 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். அதன் பிறகு அவர் பெயரே கொழும்பிலும் கண்டியிலும் ஒரு வகைப் பள்ளியின் பெயராகிவிட்டது.

சுருக்கமாகச் சொன்னால், நகரத்தில் பள்ளிக்கூடம் கீழே இறங்கி மூன்று வயதுப் பிள்ளையைத் தொட்டது. தோட்டத்தில் தொட்டில் மெல்ல மேலே வளர்ந்தது. இரண்டும் ஒரே வயதில் சந்தித்தாலும் ஒன்றின் வேர் கல்வியில், மற்றதன் வேர் கூலியில்.

இலவசக் கல்வியும் தோட்டமும்

1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அந்த வெளிச்சம் தோட்டத்துக்கு வர முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவரின் பிள்ளைக்காக யார் சபையில் எழுந்து பேசுவது? 1960, 61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் கம்பனிகளிடமே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. பாடசாலைகள் 1977 முதல் கட்டம் கட்டமாகக் கல்வித் திணைக்களத்துக்கு மாறின.

பாடசாலை கைமாறியது, பிள்ளைக் காம்பரா கைமாறவில்லை. அது தோட்ட நிர்வாகத்தின் கீழேயே தொடர்ந்தது. ஆறு வயது என்ற அந்தப் பழைய கோடு 1907இலிருந்து அழியாமல் நின்றது.

இதே தசாப்தத்தில் நாடு முழுவதையும் பாதித்த இன்னொரு மாற்றமும் நடந்தது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் பாடசாலை சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதும் அது மீண்டும் ஐந்தானது. ஆனால் பழைய பாலர் வகுப்புகள் அரச பாடசாலைக்குள் பழையபடி திரும்பி வரவில்லை. ஐந்து வயதுக்கு முந்திய கல்வி அரசின் கையிலிருந்து நழுவியது. அந்த வெற்றிடத்தில்தான் தனியார் நர்சரிகளும், சமய நிறுவனங்களின் முன்பள்ளிகளும், கிராம அபிவிருத்திச் சங்கங்களின் முன்பள்ளிகளும் முளைத்தன. பணமும் அமைப்பும் உள்ள இடத்தில் முளைத்தன. லயத்தில் எது முளைக்கும்?

ஒன்பது மாகாணம், ஒன்பது வழி

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் எல்லா முன்பள்ளிகளினதும் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு மாகாணமும் தன் வேகத்தில் நடந்தது. கிழக்கு மாகாணம் நியதிச்சட்டம் இயற்றிப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தை அமைத்தது. வடக்கில் போருக்குப் பின் சில மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களமே முன்பள்ளிகளை நடத்த, பக்கத்து முன்பள்ளி ஆசிரியை வேறு அளவு வேதனம் பெற்றார். ஆசிரியைக்கு என்ன தகுதி வேண்டும், எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியை, கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்பவற்றுக்கெல்லாம் மாகாணத்துக்கு மாகாணம் விடை மாறியது. மத்தியில் சிறுவர் செயலகம் தனியாக இயங்கியது. 2004இல் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கான தேசியக் கொள்கை வந்தது. 2019இல் தேசியக் கல்வி ஆணைக்குழு முன்பள்ளிக் கல்விக்கெனக் கொள்கை வெளியிட்டது. கொள்கை இருந்தது, கட்டாயம் இல்லை. 1998இல் நடைமுறைக்கு வந்து 2016இல் பதினாறு வயது வரை நீட்டப்பட்ட கட்டாயக் கல்வியும் ஐந்து வயதிலிருந்தே தொடங்குகிறது.

பிரதேசத்துக்குப் பிரதேசம் விதி மாறுவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சில மாநிலங்களில் கிண்டர்கார்ட்டன் கட்டாயம்; பலவற்றில் இல்லை. ஜேர்மனியில் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆனால் அங்கே மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓர் இடம் கேட்கும் சட்ட உரிமை 1996 முதல் நாடு முழுவதற்கும் உண்டு. இந்தியாவில் 1975 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடி எல்லா மாநிலத்துக்கும் பொது. மேலே எத்தனை வேற்றுமை இருந்தாலும் அடித்தளம் ஒன்று. நம்மிடம் அடித்தளம்தான் இல்லை.

மலையகத்தின் நிலை இன்னும் சிக்கலானது. தேயிலைத் தோட்டங்கள் மத்திய மாகாணத்தோடு முடிவதில்லை. ஊவா, சப்ரகமுவ, தெற்கு, மேற்கு என்று பரந்து கிடக்கின்றன. ஒரே கம்பனிக்கு இரண்டு மூன்று மாகாணங்களில் தோட்டம் இருக்கலாம். பிள்ளைக் காம்பராவோ மாகாணத்தின் கீழ் வராமல் கம்பனியின் கீழ் வந்தது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது, நலன்புரி வேலைகளுக்கென ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. அதுவே 2002 முதல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படுகிறது. அதன் காலத்தில்தான் வெளிநாட்டு உதவிகளோடு பல பழைய காம்பராக்கள் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' ஆயின. ஆயாவின் இடத்தில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். 2015இல் உலக வங்கி ஒப்புதல் அளித்த 5 கோடி டொலர் திட்டத்தில் தோட்டங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. நல்ல கட்டடங்களும் விளையாட்டு முற்றங்களும் எழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயர் மாறியதோடு வேலையும் மாறிய இடங்கள் உண்டு. பலகை மட்டும் மாறிய இடங்களும் உண்டு.

ஒரு பிரிவு, முப்பத்தொரு வருடம்

பலர் கவனிக்காத ஒரு சட்டத்தை இங்கே சொல்லவேண்டும். நாட்டின் மற்றக் கிராமங்களில் உள்ளூராட்சி மன்றமே முன்பள்ளி நடத்துவது சாதாரணம். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளில் சபையின் பணத்தைச் செலவிட முடியாதிருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். அவர்களின் ஆட்களே உறுப்பினராகவும் ஆனார்கள். ஆனால் லயத்துக்குப் போகும் பாதைக்குக் கல் போடவும், அங்கே ஒரு முன்பள்ளிக்குக் கூரை போடவும் சட்டம் இடம் தரவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அந்த முப்பத்தொரு வருடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் கணக்கை யார் எடுப்பது?

உடலின் கணக்கு மட்டும் நம்மிடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் அந்தச் சின்னப் பிள்ளைகள் வயதில் சின்னவர்கள் அல்ல.

நமது சமூகமும் இந்த வரலாறும்

முஸ்லிம் சமூகத்தின் ஒரு சஞ்சிகையில் இது ஏன் என்று யாராவது கேட்கலாம். மலைநாட்டில் நம்மவர் தவளம் ஓட்டிய காலத்திலிருந்து இருக்கிறார்கள். தேயிலை வந்த பிறகு ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் நம் கடைகள் தோட்டத்துச் சம்பளத்தை நம்பியே எழுந்தன. என் வாப்பாவின் கடன் கொப்பியில் பெயர் இல்லாத லயம் அந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. அவர்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஒரே தமிழில் படிக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், நமக்கு இதில் ஒரு முன்னனுபவம் இருக்கிறது. ஐந்து வயதுக்கு முன்னரே பிள்ளையை ஓர் இடத்தில் இருத்தி எழுத்தை அறிமுகப்படுத்தும் வழக்கம் நம் ஓதல் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. அதற்கு அரசும் வேண்டியிருக்கவில்லை, கம்பனியும் வேண்டியிருக்கவில்லை; மஹல்லா போதுமானதாக இருந்தது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியதும், கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததும், ஓதல் மட்டும் போதாது என்று சமூகத்தைத் தட்டி எழுப்பத்தான். அவர் அப்போது கேட்ட கேள்வியைப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்தும் கேட்கலாம்: இருக்க இடம் கொடுத்தாயிற்று, கற்க என்ன கொடுத்தோம்?

நகரங்களில் பள்ளிவாசல் வளவில் முன்பள்ளி நடத்தும் நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே நான்கு கதிரை ஒதுக்குவது பெரிய செலவல்ல. சில இடங்களில் இது நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் தரம் 1க்கு வரும்போது வித்தியாசம் தெரிகிறது.

தாயின் பேரும் பிள்ளையின் இடமும்

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்குரிய கணக்கு. நிறை குறைந்தால் அரைப் பேர். செக்ரோலில் பேர் விழும் தாயின் பிள்ளைக்காக எழுந்ததுதான் பிள்ளைக் காம்பரா. இன்று நிலைமை மாறிவிட்டது. பெண்கள் பலர் தோட்ட வேலையை விட்டு நகரத்துக் கடைக்கும், கொழும்பு வீடுகளுக்கும், வெளிநாட்டுக்கும் போகிறார்கள். தோட்டத்தில் நிற்பவர்களிலும் பலர் பதிவில்லாத கைக்காசு வேலை செய்கிறார்கள். "நான் இப்ப செக்ரோல்ல இல்லியே டீச்சர், புள்ளைய அங்க விட்டா ஏதும் சொல்லுவாங்களோன்னு அம்மாகிட்டயே விட்டுட்டேன்" என்றாள் ஒரு தாய். அவளைத் தடுத்தவர் யாருமில்லை. தடுத்தது நூறு வருடப் பழக்கம்.

தொழிலாளர் தொகை குறையக் குறைய நிலையத்துக்கு வரும் பிள்ளைகளும் குறைகிறார்கள். பிள்ளை குறைந்ததால் நிலையத்தை மூடலாம் என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகத்துக்கு அது ஒரு செலவுத் தலைப்பு. ஆனால் லயத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். செக்ரோலில் இல்லாத தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள்.

ஆகவே கேட்கவேண்டியது மூன்று. முதலாவது, மூன்று வயதிலிருந்து ஓர் இடம் என்பது பிள்ளையின் உரிமையாகச் சட்டத்தில் எழுதப்படவேண்டும். தாய் எங்கே வேலை செய்கிறாள் என்பது அதற்குள் வரக்கூடாது. இரண்டாவது, ஆசிரியைத் தகுதிக்கும் வேதனத்துக்கும் நாடு முழுவதற்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். அதற்கு மேல் மாகாணங்கள் கொடுப்பது அவற்றின் பெருமை. மூன்றாவது, தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் கல்வி நிர்வாகத்தின் கணக்கில் வரவேண்டும். அங்கே இருக்கும் உத்தியோகத்தரும் பக்கத்துப் பாடசாலையின் தரம் 1 ஆசிரியரும் வருடத்தில் ஒரு தடவையாவது ஒரே மேசையில் உட்காரவேண்டும்.

ஆய்வில் ஈடுபடும் இளையோருக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. பழைய தோட்டப் பாடசாலைகளின் சம்பவத் திரட்டுகளும், பிள்ளைக் காம்பரா வரவுப் பதிவேடுகளும் ஈரத்தில் ஊறிப்போய்க் கொண்டிருக்கின்றன. ஆயாக்களாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். 2023இல் மலையகத்தின் இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தோம். காணி, வீடு, சம்பளம் பற்றி நிறையப் பேசினோம். ஏணையிலிருந்து தரம் 1 வரையுள்ள அந்த ஐந்து வருடத்தின் வரலாறு இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. பதிவேடு கையில் கிடைப்பவர்கள் அதை எடைக்குப் போடாமல் வைத்திருந்தால், எழுத ஆட்கள் வருவார்கள்.